பிளந்தால்தான் தெரியும் குதிரை

டிசம்பர் மாதத்து இருட்டில் சைஃபன் ஊருக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஜன்னல்கள்தான். ஒவ்வொரு ஜன்னலிலும் கையில் மெழுகுவர்த்தி ஏந்திய மரப் பொம்மைகள் நிற்கும். சில தேவதைகள், சில சுரங்கத் தொழிலாளிகள். வீட்டில் எத்தனை பெண் குழந்தைகளோ அத்தனை தேவதை, எத்தனை ஆண் குழந்தைகளோ அத்தனை தொழிலாளி என்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்.

சைஃபன் இருப்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கெ மலைகளில். 1324ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ஊரின் பெயர் வருகிறது. அப்போது அங்கே நடந்த தொழில் வெள்ளீயம் எடுப்பது. குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே சுரங்கத்துக்குள் இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு மேலே வருகிறவனுக்குச் சூரியன் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயம். அந்த ஊர்க் கிறிஸ்துமஸில் விளக்குக்கு இவ்வளவு இடம் இருப்பதற்கும், பொம்மை கையில் மெழுகுவர்த்தி வந்ததற்கும் இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வெள்ளீயம் குறையக் குறைய ஊர் வேறு பிழைப்பு தேடியது. சுற்றிலும் காடு. தாதுவை இடித்துத் தூளாக்கச் சுற்றிக்கொண்டிருந்த நீர்ச்சக்கரங்கள் ஓடைக்கரைகளில் ஏற்கெனவே இருந்தன. உலக்கைகளைத் தூக்கிய அதே சுழற்சியால் கடைசல் எந்திரத்தையும் ஓட்ட முடியும். 1760இல் கட்டிய நீர்ச்சக்கரக் கடைசல் பட்டறை ஒன்று சைஃபனின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இன்றும் சுழல்கிறது. ஒரே சக்கரத்திலிருந்து பல எந்திரங்களுக்குப் பட்டை ஓடும். கடைசல்காரர்கள் ஆளுக்கு ஒரு இடத்தை வாடகைக்கு எடுத்து வேலை பார்ப்பார்கள். 1849இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டபோது ஊர் கைவிடப்படாமல் இருந்ததற்கு இந்தப் பட்டறைகளே காரணம்.

தொழிலாளர்கள் கல்லை விட்டு மரத்துக்கு வந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அது சாதாரண மாற்றம் அல்ல. வெள்ளீயத்துக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே பொருள். மரத்துக்குத் திசை உண்டு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் ஒரு துண்டை நார் ஓடும் திசையில் இழுத்து அறுப்பதற்கும், நாருக்குக் குறுக்கே இழுத்துப் பிரிப்பதற்கும் வேண்டிய விசையில் ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம் இருக்கிறது. சைஃபன் பொம்மைகளின் கதை முழுவதும் இந்த முப்பது மடங்குக்குள் அடங்கும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எளிய பொம்மையிலிருந்து தொடங்குவோம். ஜன்னலில் நிற்கும் தேவதையின் பாவாடை ஒரு கூம்பு, உடல் ஒரு சிறு உருளை, தலை ஒரு உருண்டை. எல்லாமே வட்டமானவை, எல்லாமே கடைசலில் பிறந்தவை. கைகளும் சிறகுகளும் தனியாகச் செய்து ஒட்டியவை. நார் எந்திரத்தின் அச்சோடு போகும்படி மரக்கட்டையை இரண்டு முனைகளுக்கும் இடையில் பிடித்துச் சுழற்றுகிறார்கள். இப்படிப் பிடித்தால் உளி எந்நேரமும் நார்களின் விலாவைத்தான் சந்திக்கும், முனையைக் குத்தாது.

இருந்தாலும் உளியை எந்தப் பக்கமாக நகர்த்துகிறோம் என்பது முக்கியம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பாலபாடம். தேவதையின் பாவாடை விளிம்பு மேடு, இடுப்பு பள்ளம். விளிம்பிலிருந்து இடுப்பை நோக்கிச் சீவும்போது, வெட்டுப்படும் ஒவ்வொரு நாரையும் அதற்குக் கீழே இன்னொரு நீண்ட நார் தாங்கிக்கொண்டிருக்கும். அது வளையாமல், கிழியாமல் சுத்தமாக வெட்டுப்படும். எதிர்த்திசையில், இடுப்பிலிருந்து விளிம்புக்கு ஏறினால், உளிமுனை நார்களுக்கு அடியில் நுழைந்து அவற்றை நெம்பித் தூக்கும். தாங்க ஆளில்லாத நார் வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். பட்டுப்போன்ற மேற்பரப்பா, பிசிறடித்த மேற்பரப்பா என்பதை முடிவுசெய்வது அநேகமாக இந்த ஒரு விதிதான், உப்புத்தாள் அதன்பிறகுதான்.

நட்கிராக்கர் பொம்மையின் இன்றைய உருவத்தை உலகுக்குக் கொடுத்ததும் இந்த ஊர்தான். ராஜா உடையில், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் கொட்டையுடைப்பான் உருவத்தை 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃப்யூஷ்ட்னர் கடைசலில் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் சைஃபனில் இன்னும் அதைச் செய்துவருகிறார்கள். இ. டி. ஏ. ஹாஃப்மன் நட்கிராக்கர் கதையை எழுதியது 1816இல். சைகோவ்ஸ்கியின் பாலே அரங்கேறியது 1892இல். ஃப்யூஷ்ட்னரின் ராஜா இரண்டுக்கும் நடுவில் வருகிறார்.

உடல், தலை, தொப்பி, கால், பீடம் எல்லாம் கடைசல். வாய் மட்டும் வேறு கணக்கு. முதுகில் தொங்கும் நீண்ட கட்டை உடலுக்குள் புகுந்து, ஒரு குறுக்காணியைத் தாண்டி, முன்னே வந்து கீழ்த்தாடையாக முடிகிறது. முதுகுக் கட்டையைத் தூக்கினால் தாடை இறங்கும், அழுத்தினால் ஏறும். ஆணியிலிருந்து கொட்டை 2 சென்டிமீட்டர் தள்ளியும், கை அழுத்தும் இடம் 12 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால் விசை ஆறு மடங்காகும். பத்து கிலோ எடையளவுக்கு நாம் அழுத்தினால் கொட்டையின் மேல் அறுபது கிலோ இறங்கும். அவ்வளவையும் தாங்கி வளைவது அந்தக் கட்டைதான். நார் அதன் நீளவாக்கில் ஓடாவிட்டால் முதல் கொட்டையிலேயே கொட்டைக்குப் பதில் கட்டை உடையும். இன்று விற்கும் நட்கிராக்கர்களில் பெரும்பாலானவை அலங்காரத்துக்கு மட்டுமே. நிஜமாகவே உடைக்கும் பொம்மையை வாங்குகிறவர் அந்தக் கட்டையில் நார் ஓடும் திசையைப் பார்த்து வாங்கட்டும்.

புகைவிடும் மனிதன் எனக்கு இன்னும் பிடித்தமானவன். குண்டு உடம்பு, வாயில் சுங்கான். இடுப்பில் பிடித்துத் தூக்கினால் இரண்டாகப் பிரிவான். கீழ்ப்பாதியில் ஒரு சிறு தகடு. அதன்மேல் கரித்தூளும் பிசினும் மாவும் சேர்த்துப் பிடித்த சின்னக் கூம்பைப் பற்றவைத்து வைப்பார்கள். நம் வீடுகளில் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று வாங்குகிறோமே, அதன் ஜெர்மன் தாயாதி என்று அந்தக் கூம்பைச் சொல்லலாம். மேல்பாதியை மூடியதும் வாய்வழியே புகை வரும்.

எப்படி வருகிறது? உள்ளே சூடான காற்று லேசாகி மேலே ஏறுகிறது. வெளியேற ஒரே வழி வாய்த்துளை. அது வெளியேறிய அளவுக்குக் கீழேயிருந்து, அடிப்பகுதித் துளை வழியாகப் புதுக்காற்று உள்ளே வருகிறது. ஆலைப் புகைபோக்கி வேலைசெய்யும் அதே தத்துவம்தான். ஆனால் அங்கே உயரம் பல மீட்டர். இங்கே ஒரு சாண். உறிஞ்சும் விசை அந்த அளவுக்குச் சிறியது. ஆகவே உட்குடைவு தாராளமாக இருக்க வேண்டும், வாய்க்குப் போகும் வழியில் பிசிறு இருக்கக் கூடாது, அடித்துளை அடைபடக் கூடாது. அடைபட்டால் கனல் மூச்சுத்திணறி அணைந்துவிடும்.

குடைவதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. நடுமரத்தை எடுத்துவிட்ட மெல்லிய சுவர் உள்ளும் புறமும் ஒரே சீராக உலரும். உலரும்போது சுருங்க அதற்கு இடமும் உண்டு. முழுக்கட்டையாக விட்டிருந்தால் வெடிப்பு விட்டிருக்கும். இந்த வெடிப்பு என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸ் பிரமிடைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுக்கடுக்கான தட்டுகளில் கடைசல் பொம்மைகள், நடுவில் ஒரு செங்குத்துத் தண்டு, உச்சியில் சாய்ந்த இதழ்கள் கொண்ட மரச்சக்கரம். கீழே மெழுகுவர்த்திகள் எரிந்தால் சூடான காற்று ஏறி இதழ்களைத் தள்ளும். தண்டோடு சேர்ந்து மொத்தப் பொம்மைக் கூட்டமும் சுற்றும். ஒரு சாதாரண மெழுகுவர்த்தி ஏறக்குறைய 40 முதல் 80 வாட் வெப்பம் தரும். அதில் மிக மிகச் சிறு பங்குதான் சுழற்சியாகிறது. அந்தச் சிறு பங்கை உராய்வு தின்றுவிடாமல் இருக்க, தண்டின் அடிமுனையில் எஃகு ஊசி வைத்து, அதைச் சிறு கண்ணாடிக் குழிவில் நிற்க வைக்கிறார்கள். ஒரு புள்ளியில் நிற்பதால் உராய்வின் பிடி மிகக் குறைவு.

இந்தப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் மரங்களும் மரத்தால் ஆனவைதான். ஒரு லிண்டன் மரக்குச்சியை எடுத்து, மிகக் கூர்மையான உளியால் மேலிருந்து கீழாக மெல்லிசாகச் சீவி, சீவல் குச்சியை விட்டுப் பிரிவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். சீவல் அப்படியே சுருண்டு குச்சியில் ஒட்டி நிற்கும். சுற்றிச் சுற்றி, அடுக்கடுக்காக இதைச் செய்தால் ஓர் ஊசியிலை மரம் எழுந்து நிற்கும்.

சீவல் ஏன் சுருள்கிறது, சுருண்டபின் ஏன் நிமிர்வதில்லை? நார்த் திசையில் மரம் இழுவிசையைத் தாங்கும் அளவில் ஏறக்குறைய பாதியைத்தான் அழுத்தத்தில் தாங்கும். உளியின் சரிவில் மோதி சீவல் வளையும்போது அதன் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் நசுங்குகிறது. இழுபடும் பக்கம் அறுவதற்கு முன்பே உட்பக்கத்து உயிரணுச் சுவர்கள் மடங்கிப் போகின்றன. மடங்கியது மடங்கியதுதான். அறுந்திருந்தால் சீவல் உதிர்ந்திருக்கும். மடங்கியதால் சுருள் நிலைத்தது. அந்தக் குட்டி ஊசியிலை மரம் மரத்தின் அந்தப் பலவீனத்தின் மேல் வளர்ந்தது.

இதுவரை பார்த்ததெல்லாம் வட்டம் அல்லது வட்டத்தின் மேல் செய்த வேலை. கடைசல் எந்திரத்துக்கு வேறொன்றும் தெரியாது. சுழலும் மரத்தில் ஓர் உளியை வைத்தால் அச்சைச் சுற்றி எங்கும் ஒரே ஆழத்தில்தான் வெட்டும். உருண்டை வரும், கூம்பு வரும், குடம் வரும். ஆனால் நோவாவின் கப்பல் என்ற பொம்மைத் தொகுப்புக்குக் குதிரை வேண்டும், பசு வேண்டும், ஆடு வேண்டும். நான்கு கால்களும் கழுத்தும் வாலும் கொண்ட ஒரு விலங்குக்குச் சுழற்சிச் சமச்சீர் எங்கே இருக்கிறது?

19ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில் சைஃபன் வட்டாரத்துக் கடைசல்காரர்கள் இதற்குக் கண்ட விடையை வடிவியலின் மகத்தான விடைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். குதிரையைச் சுழற்றாதே, குதிரைக்கு வெளியே எங்கோ தள்ளி அச்சை வை என்பதுதான் அது.

ஒரு குதிரையின் பக்கவாட்டு உருவத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். குதிரையிலிருந்து சற்றுத் தள்ளி, கால்களுக்கு இணையாக ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி உருவத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கிடைப்பது ஒரு வளையம். அதன் மேற்புறத்தில் முதுகு ஒரு வட்ட மேடாகவும், கழுத்தும் தலையும் இன்னொரு உயர்ந்த மேடாகவும் ஓடும். அடிப்புறத்தில் முன்னங்கால் ஒரு வட்டச் சுவர், பின்னங்கால் இன்னொரு வட்டச் சுவர், நடுவில் வயிறு ஓர் அகழி. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏதோ விளக்குத்தண்டின் அடிப்பாகம். எங்கும் குதிரை தெரியாது. ஆனால் அச்சை நோக்கி எந்த இடத்தில் பிளந்தாலும் வெட்டுமுகத்தில் குதிரை நிற்கும். வளையம் முழுக்கக் குதிரைகள்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

வேலை இப்படி நடக்கிறது. ஸ்ப்ரூஸ் அடிமரத்தைக் குறுக்கே அறுத்துத் தட்டுகளாக்குகிறார்கள். தட்டின் கனம் விலங்கின் உயரத்துக்குச் சமம். விட்டம் 40 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஸ்ப்ரூஸில் கிளைகள் ஆண்டுதோறும் ஒரே மட்டத்தில் சுற்றிலும் முளைப்பதால், அந்த மட்டங்களுக்கு இடைப்பட்ட கணுவில்லாத பகுதிதான் பயன்படும். அந்தத் தட்டை, மரத்தின் நட்டநடு மையம் எந்திரத்தின் அச்சில் வரும்படி பொருத்துகிறார் கடைசல்காரர். முதலில் ஒரு பக்கத்தில் வயிற்றையும் கால்களையும் குடைவார். பிறகு திருப்பி, ஒரு மரப் பிடிக்குள் இறுக்கமாகத் தட்டிப் பொருத்தி, முதுகையும் தலையையும் கடைவார். கடைசியில் வளையம் தனியாகக் கழன்று கையில் வரும்.

இந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் செய்வது எதுவோ அதை அவர் பார்க்க முடியாது. வயிற்றைக் கடையும்போது முதுகு இல்லை. முதுகைக் கடையும்போது வயிறு பிடிக்குள் மறைந்திருக்கிறது. குதிரையின் கழுத்து என்பது அவருக்கு ஒரு பள்ளத்தின் சரிவு, தாடை என்பது ஒரு விளிம்பின் உட்குடைவு. வெட்டுமுகத்தை மனதில் வைத்துக்கொண்டு வட்டத்தைச் செதுக்குகிறார். நீண்ட கைப்பிடி உளிகள் பல வரிசையாகத் தொங்கும். இந்த வளைவுக்கு இந்த உளி என்று கை அறியும்.

வேகமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. நிமிடத்துக்கு 500 சுற்று என்று வைத்துக்கொண்டால், 40 சென்டிமீட்டர் தட்டின் விளிம்பு உளியைக் கடக்கும் வேகம் நொடிக்கு பத்தரை மீட்டர். அதே தட்டில், விலங்கின் மறுமுனை இருக்கும் 24 சென்டிமீட்டர் விட்டத்தில் அது ஆறேகால் மீட்டர்தான். ஒரே குதிரையின் தலைக்கும் வாலுக்கும் நடுவில் உளி சந்திக்கும் வேகம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. கை அதற்கேற்ப அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

உளி நுழைய முடியாத இடத்தை வளையம் தராது. வளைந்து பின்னோக்கிய மான் கொம்பு, தொங்கும் காது, வால் ஆகியவை தனியே செய்து பின்னால் ஒட்டப்படுபவை.

எல்லாம் முடிந்தபின் கத்தியை வளையத்தின் மேல், மையத்தை நோக்கி வைத்து ஒரு தட்டு. மரம் பிளக்கும். 40 சென்டிமீட்டர் வளையத்தின் வெளிச்சுற்றளவு 125 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 2 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒன்றாகப் பிளந்தால் சுமார் அறுபது குதிரைகள்.

ரம்பம் தேவைப்படாமல் ஒரு தட்டிலேயே ஏன் பிளக்கிறது? நார் தட்டின் கனத்தோடு, அதாவது மேலிருந்து கீழாக ஓடுகிறது. கத்தி நார்களை வெட்டுவதில்லை, நாருக்கும் நாருக்கும் நடுவே புகுந்து விலக்குகிறது. அதோடு, மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஆரக்கதிர்கள் என்ற மெல்லிய திசுக்கள் ஓடுகின்றன. பிளவு அவற்றின் வழியே இன்னும் சுலபமாகப் போகும். முப்பது மடங்கு பலவீனம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பலவீனம் இங்கே ஒரு கருவி.

அதே திசையமைப்பு குதிரைக்கு வலுவையும் தருகிறது. கால்கள் தட்டின் கனத்தோடு நிற்பவை. ஆகவே நார் குளம்பிலிருந்து முதுகுவரை நீளவாக்கில் ஓடுகிறது. தீக்குச்சி கனத்தில் இருந்தாலும் கால் சட்டென்று ஒடியாது. பலகையில் படுக்கைவாக்கில் நார் ஓட இதே குதிரையை அறுத்திருந்தால், குழந்தை கையில் கொடுத்த அன்றே கால் போயிருக்கும்.

ஆனால் இந்த முறையின் ஆழமான அறிவு ஈரத்தில் இருக்கிறது. வளையம் கடையும் மரம் ஈரமாக இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரம்; உலரவிடாமல் தண்ணீரில் போட்டு வைப்பதும் உண்டு. உளி பட்டதும் பட்டறையில் தூசி பறக்காது, ஈரச் சீவல்தான் தெறிக்கும். ஈர மரம் மென்மையானது என்பது இதற்கு ஒரு காரணம். இங்கே உளி பெரும்பாலும் நார்களின் முனைகளைச் சந்திக்கிறது. உலர்ந்த மரத்தில் அது கல்லோடு மோதுவதுபோல் இருக்கும். ஆனால் முக்கியமான காரணம் வேறு.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உயிரணுக்களின் உட்குழிகளில், உயிரணுச் சுவர்களுக்குள். உலரும்போது குழிநீர் முதலில் போகும். அதனால் மரத்தின் அளவில் மாற்றம் இல்லை. உலர்மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு சுவர்நீர் கிளம்பத் தொடங்கும், அங்கிருந்துதான் சுருக்கம். சுவரின் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடக்கின்றன. தண்ணீர் இருந்தது அவற்றின் இடைவெளிகளில். அது போனதும் இழைகள் ஒன்றையொன்று நெருங்கும், குட்டையாகாது. அதனால் மரம் உயரத்தில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை. அகலத்தில் சுருங்குகிறது. அந்த அகலச் சுருக்கமும் இரண்டு விதம். மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் ஆரத்திசையில் ஸ்ப்ரூஸ் சுமார் 4 சதவீதம் சுருங்கும்; ஆண்டு வளையங்களின் வழியே, சுற்றளவுத் திசையில் சுமார் 8 சதவீதம். ஆரக்கதிர்கள் ஆரத்திசைச் சுருக்கத்தைத் தடுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம்.

இந்த 4க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு மரத்தட்டுக்கு எமன். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள தட்டு முழுக்க உலர்ந்தால் ஆரம் 19.2 ஆகும். அந்த ஆரத்துக்கு வேண்டிய சுற்றளவு 120.6 சென்டிமீட்டர். ஆனால் சுற்றளவுத் திசையில் 8 சதவீதம் சுருங்கிய மரம் 115.6 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் மரம் போதவில்லை. எங்கிருந்து வரும்? வராது. தட்டு ஓரிடத்தில் பட்டையிலிருந்து மையம்வரை ஆப்பு வடிவில் வெடித்து அந்த ஐந்து சென்டிமீட்டரை இடைவெளியாகக் காட்டும். வீட்டுக் காற்றில் மரம் முழுக்க உலராது என்பதால் இதில் ஏறக்குறைய பாதி. பாதி என்றாலும் வளையம் பாழ். விறகுக் கட்டைகளின் முனையில் நாம் எப்போதும் பார்க்கும் அந்த ஆரவெடிப்பு இதுதான்.

சைஃபன்காரர்கள் இந்த வெடிப்பை எதிர்த்து நிற்கவில்லை. மரம் உலர்வதற்கு முன்பே வளையத்தைக் கடைந்து முடித்து, மரம் எந்தத் திசையில் தானாக வெடிக்குமோ அதே திசையில், ஒரு முறைக்கு அறுபது முறை அவர்களே பிளந்துவிடுகிறார்கள். அதன்பிறகு ஒவ்வொரு துண்டும் தனித்தனி. பக்கத்துக் குதிரையோடு எந்தப் பிணைப்பும் இல்லாததால் அது தன்பாட்டுக்குச் சுருங்கலாம். 2 சென்டிமீட்டர் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மெலியும், 8 சென்டிமீட்டர் நீளம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குறையும், உயரம் அப்படியே நிற்கும். யார் கண்ணுக்கும் படாத மாற்றம். வெடிப்பை வேலையின் கடைசிப் படியாக மாற்றிய இந்த யோசனையைக் கண்டவர் பொறியியல் படித்தவர் அல்ல. ஓடைக்கரைப் பட்டறையில் இடத்துக்கு வாடகை கொடுத்து நின்றவர்.

பிளந்த துண்டு வெளிப்பக்கம் தடித்தும் உட்பக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவில் இருக்கும். அதைக் கத்தியால் செதுக்கி உடலை உருட்ட வேண்டும், ஒரே தகடாக நிற்கும் முன்னங்காலை இரண்டாகப் பிரிக்க வேண்டும், காதும் வாலும் ஒட்டி வண்ணம் தீட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த வேலைகள் வீடுகளில் நடந்தன. அறுபதை ஒரு கணக்காக வைத்து வணிகர்கள் வாங்கினார்கள். கொடுத்த விலை மிகக் குறைவு. தாயும் தகப்பனும் மட்டுமல்லாமல் குழந்தைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செதுக்கினார்கள், வண்ணம் பூசினார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பக்தியுள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விளையாட அனுமதிக்கப்பட்ட பொம்மை நோவாவின் கப்பல். அந்தக் கப்பலில் ஜோடி ஜோடியாக ஏறிய விலங்குகளை, தன் வயதுக் குழந்தைகள் வாரம் முழுக்க உட்கார்ந்து செதுக்கினார்கள் என்று விளையாடிய குழந்தைக்குத் தெரிந்திருக்காது. அழகான பொருள் ஒன்றைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

இன்று வளையம் கடையத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். மரப்பொம்மை செய்வது ஜெர்மனியில் முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கும் தொழிலாக இருக்கிறது, அந்தப் பயிற்சி சைஃபனிலேயே நடக்கிறது என்பது ஆறுதல். ஆனால் வளையம் கடைவது, வெட்டுமுகம் கைக்குள் இறங்க ஆண்டுகள் பிடிக்கும் வேலை.

வண்ணம் பூசாத சைஃபன் விலங்கு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதன் விலாவைப் பாருங்கள். முதுகிலிருந்து குளம்புவரை இணையான செங்குத்துக் கோடுகள் ஓடும். பிளவு ஆரத்திசையில் போனதால் வெட்டுமுகத்தில் விழுந்த ஆண்டு வளையங்கள் அவை. பலகையிலிருந்து அறுத்த போலியில் இவை இவ்வளவு ஒழுங்காக நிற்பது அபூர்வம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 8 சென்டிமீட்டர் குதிரையின் மூக்குக்கும் வாலுக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகள். மூத்த முனை எது என்றும் சொல்லிவிடலாம். வசந்தத்தில் ஸ்ப்ரூஸ் வெளிறிய மரத்தைப் போடுகிறது. கோடை முடிவை நெருங்க நெருங்க அது மெதுவாகக் கருக்கும். அடுத்த வசந்தத்தில் திடீரென்று மறுபடி வெளிறும். ஆகவே ஒவ்வொரு கருங்கோட்டுக்கும் ஒரு ஓரம் மங்கலாகவும் ஒரு ஓரம் கத்தி வைத்ததுபோல் தெளிவாகவும் இருக்கும். தெளிவான ஓரம் பட்டை இருந்த பக்கம். குதிரையின் மூக்கு அந்தப் பக்கம் இருந்தால், மரத்துக்குள் அது காட்டை நோக்கித் திரும்பி நின்றிருக்கிறது; வால் இருந்தால், மையத்தை நோக்கி.